வாசலைப் பூட்டாமல் ஸ்பேமை வெளியே வைப்பது: தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் புதிதாக அட்மின் ஆனவர்களுக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வேளச்சேரிக் குழுவில் 180 பேர் இருந்தோம். தெருவில் தண்ணீர் ஏறிய நான்கே நாளில் அது 700ஐத் தாண்டிவிட்டது. யாரோ ஒரு நல்ல மனிதர், "படகு, பால் பாக்கெட் வேண்டுவோர் இங்கே சேரவும்" என்று எழுதி, குழுவின் லிங்கை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். அன்றைக்கு அது தேவைப்பட்டது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் லிங்க் அங்கேயே கிடந்தது. பொங்கல் முடிவதற்குள் "வீட்டிலிருந்தே தினமும் 3,000 சம்பாதிக்கலாம்", "ஷேர் மார்க்கெட் இலவசப் பயிற்சி", "பத்து நிமிடத்தில் லோன்" என்று வரிசைகட்டி வர ஆரம்பித்தன. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டவரின் கேள்வி அவற்றுக்கு நடுவில் காணாமல் போனது.

கோபத்தில் நாங்கள் எதிர்ப்பக்கம் போனோம். சேர விரும்புபவர் கதவு எண், வீட்டு ஓனர் பெயர், இ.பி. பில் போட்டோ எல்லாம் அட்மினுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி போட்டோம். ஸ்பேம் நின்றது. புது ஆட்கள் வருவதும் அதோடு நின்றது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருநாள் மளிகைக் கடையில், திருநெல்வேலியிலிருந்து வந்து எங்கள் தெருவிலேயே கீழ்ப்போர்ஷனில் குடியேறிய ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். குழாய் உடைந்து இரண்டு நாள் மெட்ரோ வாட்டர் வராது என்று குழுவில் முந்தின நாளே அறிவித்திருந்தோம். அவருக்கு மட்டும் தெரியவில்லை. "குரூப்புல சேரலாம்னு பாத்தேன் சார். இ.பி. பில் கேட்டாங்க. அது ஓனர் பேர்ல இருக்கு, அவர் கோயம்புத்தூர்ல இருக்கார். அதுவும் போக, முகம் தெரியாதவங்களுக்கு நான் எதுக்கு பில்லை போட்டோ எடுத்து அனுப்பணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மோசடிக்காரர்கள் கேட்கும் அதே சமாச்சாரங்களைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் தடவித்தடவிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தெருக் குழு, அபார்ட்மெண்ட் குழு, நடைப்பயிற்சிக் குழு எதுவாக இருந்தாலும் பொருந்தும்.

முதலில் லிங்கைக் கவனியுங்கள்

புது அட்மின் பலரும் நேராக விதிமுறை எழுத உட்காருகிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். ஸ்பேம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் பொதுவெளியில் கிடக்கும் அழைப்பு லிங்க்தான் அந்த வழி. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு லிங்குகள் கூகுள் தேடலிலேயே கிடைக்கின்றன என்பது பெரிய செய்தியானது. இணையத்தில் ஓரிடத்தில் போட்டுவிட்டால், அது யார் கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை.

இப்போதே குழுவின் பெயரைத் தொட்டு, அழைப்பு லிங்க் இருக்கும் இடத்துக்குப் போய் 'ரீசெட்' கொடுங்கள். பழைய லிங்க் அந்த நொடியே செத்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. நாங்கள் இதை மாதம் பிறந்ததும் செய்கிறோம்.

புதிய லிங்கை எங்கே வைப்பது? எங்கள் அனுபவத்தில் இதற்குக் கிடைத்த நல்ல விடை, காகிதம். லிங்கின் க்யூஆர் கோடை அச்சடித்து மளிகைக் கடையில் ஒன்று, இஸ்திரி வண்டியில் ஒன்று, இரண்டு அபார்ட்மெண்டுகளின் வாட்ச்மேன் மேஜையில் ஒன்று என்று ஒட்டினோம். அதை ஸ்கேன் செய்ய வேண்டுமானால் ஒருவர் நம் தெருவுக்கு நடந்து வந்தாக வேண்டும். எங்கோ உட்கார்ந்துகொண்டு ஆயிரம் குழுக்களில் ஏறுகிறவர் வேளச்சேரி இஸ்திரி வண்டிக்கு வரமாட்டார். புதிதாகக் குடிவந்தவரோ முதல் வாரத்திலேயே அங்கே சட்டை கொடுக்க வருவார். லிங்கை ரீசெட் செய்தால் காகிதத்தையும் மாற்ற வேண்டும் என்பது ஒரு தொல்லைதான். கடைக்கார அண்ணாச்சி ஒருமுறை, "மாசாமாசம் காலண்டர் கிழிக்கிற மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

இன்னொன்று: உறுப்பினர் யார் வேண்டுமானாலும் மற்றவர்களைச் சேர்க்கலாம் என்ற அமைப்பு பல குழுக்களில் திறந்தே இருக்கிறது. குரூப் பெர்மிஷன்ஸ் பகுதியில் அதை அணைத்துவிடுங்கள்.

சேர்வதற்கு ஒரே ஒரு கேள்வி

அதே பகுதியில், புதிதாகச் சேர்பவரை அட்மின் அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், லிங்கைத் தொட்டவர் நேராக உள்ளே வராமல் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார். இந்த இடத்தில்தான் பலரும் நாங்கள் செய்த தவறைச் செய்கிறார்கள். ஆதார், பில், வாடகை ஒப்பந்தம் எதுவும் கேட்காதீர்கள். அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் உங்களால் முடியாது. அட்மினின் போன் தொலைந்தால் ஊர் ஆதார் எல்லாம் தொலைந்த மாதிரி.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: "எந்தத் தெரு? வீட்டுப் பக்கத்தில் அடையாளம் ஏதாவது சொல்லுங்கள்." விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தண்டீஸ்வரர் கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு வரி வந்தால் போதும். தெருவில் வசிப்பவருக்குப் பத்து வினாடி வேலை. தெரியாதவர் பெரும்பாலும் பதிலே போடமாட்டார். போட்டாலும் "யெஸ் சார், வேளச்சேரி" என்று கேள்வியையே திருப்பித் தருவார்.

குடிவந்து இரண்டே நாளான ஒருவருக்குக் கோயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருக்கலாம். வெளிமாநிலத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பையன் தமிழில் எழுதமாட்டான். எந்த மொழியில் பதில் வந்தாலும், வாய்ஸ் மெசேஜாக வந்தாலும், "ஹவுஸ் ஓனர் பெயர் தெரியும், தெருப் பெயர் சரியாகத் தெரியாது" என்று வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலில் ஒரு மனிதக் குரல் கேட்கிறதா என்று பார்த்தால் போதும். இது பரீட்சை இல்லை.

எங்களுக்கு ஆறு மாதம் உறைக்காத ஒரு விஷயம் உண்டு. காத்திருப்பவருக்கு அட்மின் தனியாக மெசேஜ் அனுப்பும்போது, அவர் போனில் அது தெரியாத நம்பரிலிருந்து வருகிறது. "உங்கள் முகவரி என்ன?" என்று மொட்டையாகக் கேட்டால், அவர் பார்வையில் நாம்தான் ஸ்பேம். பலர் பதில் போடாததற்கு இதுதான் காரணம். இப்போது நாங்கள் அனுப்புவது இது:

"வணக்கம். நீங்கள் இப்போதுதான் எங்கள் தெருக் குழுவில் சேர லிங்கைத் தொட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் மளிகைக் கடைக்கு எதிர் வீடு, குழுவின் அட்மின். நீங்கள் எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி போட்டால் சேர்த்துவிடுகிறேன். வேறு எந்த விவரமும், ஓடிபியும், பணமும் கேட்கமாட்டோம். தயக்கம் இருந்தால் கடையில் என்னைப் பற்றி விசாரியுங்கள்."

கடைசி வரியைப் பார்த்துவிட்டு நிஜமாகவே நாலைந்து பேர் கடையில் விசாரித்தார்கள். அண்ணாச்சி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள்.

வெளிநாட்டு நம்பர் விஷயம்

2023இல் இந்தோனேசியாவின் +62, வியட்நாமின் +84, கென்யாவின் +254 போன்ற குறியீடுகளில் தொடங்கும் நம்பர்களிலிருந்து வேலைவாய்ப்பு மோசடி அழைப்புகள் நாடு முழுக்க வந்தன. அதைப் படித்துவிட்டு, +91 இல்லாத எல்லோரையும் நிராகரிப்பது என்று எங்கள் அட்மின்களில் ஒருவர் முடிவெடுத்துவிட்டார். ஒரே வாரத்தில் நியூஜெர்ஸியிலிருந்து ஒருவர் கடுப்பாகப் போன் செய்தார். தெருவில் அவருக்கு வீடு இருக்கிறது. எண்பது வயது அப்பா தனியாக இருக்கிறார். தண்ணீர், கரண்ட் செய்தியெல்லாம் அப்பாவுக்குப் படிக்க முடியாது என்பதால், மகன் குழுவில் பார்த்து அங்கிருந்து போனில் சொல்ல நினைக்கிறார். சென்னையில் இப்படிப் பிள்ளைகள் துபாயிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் வீடு இல்லாத தெரு எது? குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள்.

உள்ளே வந்த முதல் நாள்

சேர்ந்ததும் வரவேற்புச் செய்தி போடுவது பல குழுக்களில் வழக்கம். அதை நீட்டாதீர்கள். பதினேழு விதிகளை நம்பர் போட்டு இறக்கினால் யாரும் படிப்பதில்லை. எங்கள் விதிகள் மூன்றுதான்: தெரியாத லிங்க் வேண்டாம், ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) வேண்டவே வேண்டாம், பணம் கேட்கும் எதையும் முதலில் அட்மினிடம் காட்டுங்கள். அதை மேலே பின் செய்து வைத்திருக்கிறோம். அப்படிப் பின் செய்தது அதிகபட்சம் 30 நாள்தான் இருக்கும். லிங்க் ரீசெட் செய்யும் அதே நாளில் அதையும் புதுப்பித்துவிட்டால் மறக்காது.

புதியவர் போடும் முதல் செய்தி பல நேரம் ஸ்பேம் மாதிரியேதான் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாத அட்மின் நல்ல ஆட்களை இழப்பார். "2 பிஹெச்கே இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பார். அல்லது, உதவி செய்யும் எண்ணத்தில், தனக்குத் தெரிந்த தண்ணீர் லாரிக்காரரின் நம்பரைப் போடுவார். அதை அட்மின் உடனே நீக்கினால், 'இந்த மெசேஜை அட்மின் இன்னார் நீக்கினார்' என்ற வரி எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே நிற்கும். வந்த அன்றே ஊர் முன்னால் திட்டு வாங்கிய மாதிரி அவருக்கு ஆகிவிடும். அதனால் எங்கள் முறை இது: தீங்கு இல்லாத செய்தி என்றால் நீக்குவதில்லை. தனி மெசேஜில், "வாடகை விஷயமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போடுகிறோம், அன்றைக்கு ஒருமுறை போடுங்கள், நிறையப் பேர் பார்ப்பார்கள்" என்று சொல்கிறோம். கேட்காதவர்கள் மிகக் குறைவு.

டெலிகிராமில் குழு நடத்துபவர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் சுலபம். அங்கே இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். லிங்க், படம் அனுப்பும் அனுமதியைத் தனியே குறைக்கலாம். ஒருவர் இரண்டு செய்திகளுக்கு நடுவே இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று 'ஸ்லோ மோட்' வைக்கலாம். சேர்ந்தவுடன் பட்டனைத் தொடச் சொல்லும் 'பாட்' (bot) எனும் தானியங்கி நிரல்களையும் போடலாம். வாட்ஸ்அப்பில் இதெல்லாம் இல்லாததால் அட்மின் பேச்சுதான் கருவி.

பழைய உறுப்பினரிடமிருந்து வரும் ஸ்பேம்

எங்கள் குழுவில் நடந்ததிலேயே மோசமான சம்பவத்துக்குக் காரணம் புதியவர் இல்லை. பத்து வருடமாகத் தெருவில் இருக்கும், எல்லோருக்கும் பிடித்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ஒருநாள் அதிகாலை அவர் பெயரில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்தது. அவர் வீட்டில் கல்யாண வயதுப் பெண் இருப்பது தெரியும் என்பதால் பலர் சந்தோஷமாகத் தொட்டார்கள். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவும் ஃபைல். அதை நிறுவி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால், போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்கும், ஓடிபி உட்பட. பிறகு அந்த ஓடிபியை வைத்தே அவரது வாட்ஸ்அப்பையும் கைப்பற்றி, அவர் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் அதே ஃபைலை அனுப்பும். போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரிலும் இதே தந்திரம் நடக்கிறது.

அன்று நாங்கள் செய்ததையும், செய்யத் தவறியதையும் வரிசையாகச் சொல்கிறேன், உதவும். முதலில் 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று குழுவை மாற்றினோம். பரவல் அங்கேயே நின்றது. அடுத்து அந்த ஃபைலை எல்லோருக்கும் நீக்கினோம். ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் அவர் போட்டதும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, தனியாகத்தான் நீக்க வேண்டும். நீக்கிய பிறகும், ஏற்கெனவே டவுன்லோடு ஆன ஃபைல் அவரவர் போனில் தங்கியிருக்கலாம். அதனால் "தொடாதீர்கள், தொட்டுவிட்டவர்கள் உடனே நெட்டை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்று அறிவித்தோம். அப்புறம் வாத்தியாரைத் தற்காலிகமாகக் குழுவிலிருந்து எடுத்தோம்.

தவறியது இதுதான்: எடுக்கும் முன் அவருக்குச் சாதாரண போன் காலில் விஷயத்தைச் சொல்லவில்லை. மனிதர் காலையில் எழுந்து, பத்து வருடப் பழக்கமுள்ள குழுவிலிருந்து தன்னை விரட்டிவிட்டார்கள் என்று நினைத்து நொந்துபோனார். சமாதானப்படுத்த இரண்டு காபி ஆனது.

இப்படி யாருக்காவது பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, போகும் வழியில் பணத்தை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்பு அல்லது மெசேஜ் மட்டும்தான் என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம். குழுவில் எல்லோரையும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் நம்பரை (PIN) வாட்ஸ்அப்பில் வைக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்யமாட்டார்கள். நாங்கள் ஒரு ஞாயிறு மாலை பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, வந்தவர்களின் போனிலெல்லாம் நாங்களே கூடவிருந்து வைக்க வைத்தோம். எண்ணை அவர்களே போட்டார்கள், நாங்கள் திரும்பிக்கொண்டோம்.

மாவு அக்காவை என்ன செய்வது

விளம்பரம் எல்லாம் ஸ்பேம்தான் என்று ஒரேயடியாக முடிவு கட்டாதீர்கள். எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு "மாவு ரெடி" என்று போடுவார். பாதிப் பேருக்கு அது எரிச்சல், மீதிப் பேருக்கு அன்றைய டிபன். அவரைத் தடுத்தபோது அவரிடம் வாங்குபவர்களே சண்டைக்கு வந்தார்கள்.

வாட்ஸ்அப் கம்யூனிட்டி என்ற ஏற்பாட்டில் பல குழுக்களை ஒரே கூரையின் கீழ் வைக்கலாம். தண்ணீர், கரண்ட், குப்பை போன்ற அவசரச் செய்திகளுக்கு அறிவிப்புக் குழு. அதில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். உறுப்பினர்களின் போன் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது என்பது அதன் பெரிய லாபம், ஏனென்றால் பல ஸ்பேமர்கள் எழுதுவதற்காக வருவதில்லை, நம்பர்களை அள்ளுவதற்காகவே வருகிறார்கள். குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்கள் சாதாரணக் குழுவில் சேரத் தயங்குவதும் இதனால்தான். மாவு, டியூஷன், டெய்லரிங், வாடகை எல்லாவற்றுக்கும் 'சந்தை' என்று இன்னொரு குழு வைத்தோம். வேண்டியவர்கள் மட்டும் சேரட்டும். அக்காவுக்கு இப்போது முன்பைவிட வியாபாரம் அதிகம் என்று அவரே சொன்னார்.

குட்மார்னிங் பூங்கொத்தும், "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால்" வகைப் பார்வர்டுகளும் வேறு ஜாதி. அது ஸ்பேம் இல்லை, பாசம். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. குழுவை மியூட் செய்வது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிட்டோம்.

அட்மின் எத்தனை பேர்

ஒருவர் போதாது. நாலைந்து பேர் நல்லது, அதுவும் தூங்கும் நேரம் வேறுவேறாக இருப்பவர்கள். எங்களிடம் விடியற்காலை நடைக்குப் போகும் பெரியவர் ஒருவர், இரவு ஷிப்ட் பார்க்கும் பையன் ஒருவன். இந்த இருவர் வந்த பிறகுதான் நள்ளிரவுக் குப்பை காலைக்குள் காணாமல் போக ஆரம்பித்தது. அட்மின் ஆனால் போலீஸ் கேஸ் வருமோ என்று பலர் பயந்து மறுப்பார்கள். மற்றவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அதைக் காட்டித்தான் அந்தப் பெரியவரைச் சம்மதிக்க வைத்தோம்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். குழுவில் இல்லாத சொந்தக்காரர் ஒருவரைப் புது ஆள் மாதிரி லிங்கைத் தொடச் சொல்லுங்கள். மற்ற அட்மின்களுக்குச் சொல்லாதீர்கள். நான் நங்கநல்லூரில் இருக்கும் என் தங்கையை, எங்கள் வீட்டில் குடிவந்தவள் மாதிரி க்யூஆரை ஸ்கேன் செய்ய வைத்தேன். காத்திருப்போர் பட்டியலில் அவள் பத்தொன்பது மணி நேரம் நின்றாள். ஆளுக்கு ஆள், மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டிருக்கிறோம். இப்போது இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் யார் பட்டியலைப் பார்ப்பது என்று கிழமை வாரியாகப் பெயர் போட்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை அந்த திருநெல்வேலிக்காரம்மாவின் முறை. அவர் பார்க்கும் நாளில் யாரும் அரை மணி நேரத்துக்கு மேல் வாசலில் நிற்பதில்லை.